தென்சீனக் கடலும் தில்லியின் தயக்கமும்

தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ பவழத் திட்டு அருகே 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி பிலிப்பின்ஸ் கடலோரக் காவல் கப்பலை விரட்டிச் சென்ற சீனக் கப்பல்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஒன்று போர்க் கப்பல், மற்றொன்று கடலோரக் காவல் படையின் கப்பல். அடுத்த மாதமே அத்திட்டின் ஒரு பகுதியை இயற்கைப் பாதுகாப்பு வளாகமாக அறிவித்தது சீனா. லூசான் தீவிலிருந்து சுமார் 220 கி.மீ. தொலைவில் இருக்கும் இத்திட்டு, பிலிப்பின்ஸ் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலைவீசிய இடம். 2012 முதல் அது சீனாவின் பிடியில் இருக்கிறது. அங்கு மீனவர்களைத் தடுப்பது சட்டவிரோதம் என்று 2016 ஜூலை 12-ல் சர்வதேச நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பை பெய்ஜிங் குப்பைக் கூடையில் போட்டுவிட்டது.

இந்த மோதலுக்கு ஒரு வாரம் முன்புதான் இந்தியப் போர்க் கப்பல்கள் தென்சீனக் கடலில் பிலிப்பின்ஸ் கடற்படையுடன் முதன்முறையாகக் கூட்டாகப் பயணித்தன. அவ்வேளையில் தில்லிக்கு வந்த அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியரும் பிரதமர் நரேந்திர மோடியும் இரு நாடுகளின் உறவை 'பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த கூட்டுறவு' என உயர்த்தி அறிவித்தனர். 2022-ல் கையெழுத்தான சுமார் 37.5 கோடி டாலர் ஒப்பந்தத்தின்படி பிரமோஸ் ஏவுகணைகள் 2024 ஏப்ரல் முதலே மணிலாவுக்குச் செல்லத் தொடங்கிவிட்டன. ஆக, எங்கோ தொலைதூரத்தில் நடக்கும் சச்சரவு என்று தில்லி இனியும் இதை ஒதுக்கித்தள்ள முடியாது. இந்திய வர்த்தகத்தில் 55 சதவீதத்துக்கும் மேல் தென்சீனக் கடல், மலாக்கா நீரிணை வழியே செல்வதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது.

வல்லரசுகளின் போட்டிக்கு நடுவே சிக்கும் நாடு எப்படியெல்லாம் அலைக்கழிக்கப்படும் என்பதற்கு பிலிப்பின்ஸைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. சுபிக் விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் நீடிப்பதற்கான ஒப்பந்தத்தை 1991-ல் அந்நாட்டு செனட் சபை 12-11 என்ற வாக்குகளில் நிராகரித்தது. மறு ஆண்டே அமெரிக்கப் படை வெளியேறியது. 1995-ல் பார்த்தால், மிஸ்சீஃப் திட்டில் சீனக் கட்டுமானங்கள் எழும்பியிருந்தன. சட்டத்தின் துணையை நாடி 2013-ல் வழக்குத் தொடுத்தது மணிலா. வென்றது. ஆனால் தீர்ப்பு வந்த மூன்றே மாதங்களில் அதிபர் ரோட்ரிகோ டுடெர்டே பெய்ஜிங் சென்று, அமெரிக்காவைவிட்டு விலகுவதாக அறிவித்தார். அமெரிக்கப் படைகள் வந்து செல்வதற்கான ஒப்பந்தத்தை 2020-ல் ரத்து செய்வதாக நோட்டீஸ் கொடுத்தவரும் அவர்தான், 2021-ல் அதைத் திரும்பப் பெற்றவரும் அவர்தான். சீனாவுக்கு இத்தனை வளைந்துகொடுத்தும் ஒரு திட்டுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. மார்கோஸ் வந்தார். அமெரிக்கப் படைகள் பயன்படுத்தும் தளங்களின் எண்ணிக்கை 2023-ல் ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்ந்தது. அதற்காக வாஷிங்டன் வரிச்சலுகை எதையும் வாரி வழங்கிவிடவில்லை. 2025 ஜூலையில் பிலிப்பின்ஸ் பொருள்களுக்கு 19 சதவீத வரி என்று அறிவிக்கப்பட்டது.

இந்தியாவின் பாதையும் நேர்கோடு அல்ல. 2007 செப்டம்பரில் வங்கக் கடலில் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுடன் மலபார் கூட்டுப் பயிற்சி நடந்தபோது, அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிகளே சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்கு எதிர்ப்புப் பேரணி நடத்தினர். ஆஸ்திரேலியா பின்வாங்க, நாற்கர அமைப்பு முடங்கியது. 2017-ல் அது உயிர்பெற்றது. கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூனில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்த பின்னர், அவ்வாண்டு நவம்பரிலேயே ஆஸ்திரேலியா மலபார் பயிற்சிக்குத் திரும்ப அழைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டிலோ காட்சி தலைகீழ். இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்த சில நாள்களில், சீனாவின் தியான்ஜின் நகரில் அதிபர் ஷி ஜின்பிங்கைச் சந்தித்துப் பேசினார் பிரதமர் மோடி.

நட்பும் பகையும் இப்படி இடம்மாறும்போது, ஒரு நாடு ஊன்றி நிற்கச் சட்டம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த விஷயத்தில் இந்தியாவின் நடத்தை பெருமைக்குரியது. வங்கதேசத்துடனான கடல் எல்லைத் தகராறில் 2014 ஜூலையில் நடுவர் மன்றம் சுமார் 25,600 சதுர கி.மீ. பரப்பில் 19,467 சதுர கி.மீ.யை அந்நாட்டுக்கு வழங்கியது. இழப்பு பெரிது என்றாலும் தில்லி மறுபேச்சின்றி ஏற்றது. சிறிய அண்டை நாட்டிடம் தோற்றும் தீர்ப்பை மதித்த இந்தியா, 2016-ல் சீனாவுக்கு எதிரான தீர்ப்பை 'கவனத்தில் கொண்டுள்ளதாக' மட்டுமே சொன்னது வேடிக்கை. தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கூற 2023 ஜூன் வரை, அதாவது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், பிடித்தன.

இதைவிடச் சங்கடமான இன்னொரு விஷயமும் உண்டு. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை 1995-ல் ஏற்றபோது, தனது பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் பிற நாடுகள் அனுமதியின்றி ராணுவப் பயிற்சி நடத்தக் கூடாது என்று இந்தியா அறிவித்தது. அது அமெரிக்க வாதத்துக்கு எதிரானது. ஏறத்தாழ சீனாவின் வாதத்தை ஒத்தது. 2021 ஏப்ரலில் லட்சத்தீவுகளுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைல் தொலைவில் அமெரிக்கப் போர்க் கப்பல் ஒன்று முன் அனுமதியின்றிப் பயணித்தது. இந்தியாவின் 'அளவுமீறிய உரிமைகோரலை' மறுக்கவே அவ்வாறு செய்ததாக அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவு பகிரங்கமாகவே அறிவித்தது. இத்தனைக்கும் அந்த உடன்படிக்கையை அமெரிக்கா இதுவரை ஏற்கவில்லை! தில்லி ராஜீய ரீதியில் தனது கவலையைத் தெரிவித்ததோடு சரி.

பெய்ஜிங் செய்வதும் தில்லி சொல்வதும் ஒன்றல்ல. இந்தியா பிறர் கடலில் செயற்கைத் தீவு எழுப்பவில்லை, மீனவர் மீது தண்ணீர் பீரங்கியைத் திருப்பவில்லை. ஆனாலும், தென்சீனக் கடலில் தடையற்ற கடற்பயண உரிமை குறித்துப் பேசும் அரசு, அதே சொல்லுக்கு லட்சத்தீவில் என்ன பொருள் என்பதைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். மௌனம் காப்பதே ராஜதந்திரம் என்று வெளியுறவுத் துறை அதிகாரிகள் வாதிடக்கூடும். ஏவுகணை விற்காத காலத்தில் அந்த வாதம் எடுபட்டிருக்கும்.

சுபிக் தளத்தை மூடுவதா, வேண்டாமா என்பதை பிலிப்பின்ஸ் செனட் ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது. இங்கே, அமெரிக்காவுடன் 2016-ல் ராணுவத் தளவாட உதவி ஒப்பந்தமும், 2018-ல் தகவல் தொடர்பு ஒப்பந்தமும், 2020-ல் புவிசார் தகவல் பகிர்வு ஒப்பந்தமும் கையெழுத்தாயின. அரசமைப்புச் சட்டப்படி இவற்றுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை என்பதால் எதன் மீதும் வாக்கெடுப்பு இல்லை. கடல்சார் கொள்கை குறித்து உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எழுத்துமூலமான நான்கு வரிப் பதிலோடு முடிந்துவிடுகின்றன. எந்தக் கடலில், யாருடன், எதுவரை என்பதை விளக்கும் வெள்ளை அறிக்கையை இரு அவைகளிலும் வைத்து அரசு விவாதிக்க வேண்டும். 1995-ம் ஆண்டு அறிவிப்பு அப்படியே நீடிக்கிறதா என்பதற்கான பதிலும் அதில் இருக்கட்டும்.