பெட்டியோடு வந்த இலவசம்



கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கை நுழைத்துப் பார்த்து, உள்ளிருந்த ஈரத்தைக் கண்டறிந்து, அதனை மறைத்து வைத்த வணிகரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். ஆண்டாண்டாக அதனைப் பாடமாகச் சொல்லி வந்த நான், ஒரு பொருளை வாங்கும் வேளையில் குவியலுக்குள் கை நுழைக்க மறந்தேன். அதன் விலையை ஒரு மாணவர் கொடுத்தார்.

எங்கள் மதரஸா அலுவலகத்திற்குக் கணிப்பொறி தேவைப்பட்டது. பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டித் தருவதாக மாணவர் ஒருவர் முன்வந்தார். அவர் எழுதிய பட்டியலில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிக்குத் தனித்தொகை இருந்தது. கடைக்காரரோ, கேபினெட் வாங்கினால் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார். "வேண்டாம் ஹஜ்ரத், தூக்கிப் பாருங்கள், கனமே இல்லை" என்றார் மாணவர். "பொதுப்பணம் தம்பி, சிக்கனம் வேண்டும்" என்று அவர் வாயை அடைத்தேன்.

எட்டாம் மாதம் ஓர் இரவு, மின்சாரம் போய்த் திரும்பிய நொடியில் கருகல் நெடி எழுந்தது. மின்வழங்கியோடு மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் போயின. நாங்கள் பல ஆண்டுகளாகத் தொகுத்த வினாத்தாள்களும் அவற்றோடு போயின. நிர்வாகக் குழுவில், "அனுபவமில்லாத பையன் பூட்டியது" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.

கலைப் பட்டதாரியாகிய எனக்கு மின்னியல் அந்நியம். எனினும், நடந்தது என்னவென்று அந்த மாணவரிடமே கேட்டுக் கற்றேன். பிள்ளைகள் வீட்டில் கணிப்பொறி பூட்ட விரும்பும் பெற்றோருக்கு அது பயன்படட்டும்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணிப்பொறியின் பாகங்களுக்கு வேண்டுவதோ 12, 5, 3.3 வோல்ட் அளவிலான நேர்த்திசை மின்சாரம். இம்மாற்றத்தைச் செய்வதே மின்வழங்கியின் பணி. 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். நியதியை ஒட்டியே இவை செய்யப்படுகின்றன. அதன்படி 12 வோல்ட் என்பது 11.4-க்குக் குறையவும் கூடாது, 12.6-ஐத் தாண்டவும் கூடாது. தரமான மின்வழங்கி அளவு மீறினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். தரமற்றது தான் சாகும்போது அண்டை அயலாரையும் அழைத்துச் செல்லும்.

எப்படித் தேர்வது? முதலில், பெரிய எழுத்தில் உள்ள வாட் எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கணிப்பொறியின் பெருஞ்சுமை அந்த வழியிலேயே செல்கிறது. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஆல் பெருக்க 216 வாட்தான். மேலே 500 என்று அச்சிட்டிருப்பதற்குப் பொருள் என்ன? திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அளவை என்பது படியும் தராசும் மட்டுமன்று.

இரண்டாவது, '80 பிளஸ்' என்னும் முத்திரை. 2004-இல் தொடங்கிய இத்திட்டம், உள்வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டையேனும் பாகங்களுக்குக் கொடுக்கும் மின்வழங்கிகளுக்குச் சான்று தருகிறது. எஞ்சியது வெப்பமாய் வீணாகும். ஆனால் இது சிக்கனத்துக்கான சான்றே தவிர, பாதுகாப்புக்கான சான்றன்று. எனவே மிகை மின்னழுத்தம், மிகைச் சுமை, ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான காப்புகள் உள்ளனவா என்றும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள். தம் பொருளை நம்பும் நிறுவனத்தார் பலர் ஐந்தாண்டும் அதற்கு மேலும் தருகின்றனர்.

மூன்றாவது, தேவைக்கு மிஞ்சியும் வாங்க வேண்டாம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, எழுத்து வேலைக்கான கணிப்பொறிக்கு நேர்மையான 400 அல்லது 450 வாட் தாராளம். கிராபிக்ஸ் கார்டு வைப்போர், அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவைப் பார்த்து வாங்குக. வீண் விரயமும் நமக்கு ஆகாது.

நான்காவது, எர்த் இணைப்பு. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று உணர்கிறீர்களா? பெரும்பாலும் எர்த் சரியில்லை என்பதே பொருள். மூன்று முனை பிளக்கின் ஒரு முனையை ஒடித்துச் சொருகும் வழக்கத்தை இன்றே விடுங்கள். வீட்டில் தவழும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இறுதியாக இரு எச்சரிக்கைகள். மின்வழங்கியை எக்காரணத்தாலும் திறவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். கழற்றி மாட்டும் வயர்களாயின், ஒரு மின்வழங்கியின் வயரை வேறொன்றில் பொருத்தாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் உள்ளிணைப்பு மாறியிருந்தால் பாகங்கள் கருகிவிடும். எத்தனை நல்ல மின்வழங்கி வாங்கினாலும், முக்கியமானவற்றுக்கு வேறோரிடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அந்தப் பிள்ளை தடுத்தார், நான் கேட்கவில்லை; பழுது என்னுடையது" என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை நாக்கு கனத்தது. புதிய மின்வழங்கியை என் கைப்பணத்தில் வாங்கினேன். அந்த மாணவரே பூட்டினார். பொதுப்பணம் அமானிதம் என்று அவருக்கு நான் போதித்தேன். ஒருவரின் மானமும் அமானிதமே என்பதை எனக்கு அவர் கற்பித்தார், ஒரு சொல்லும் சொல்லாமலே.

உங்கள் வீட்டுப் பிள்ளை, "வாப்பா, இது வேண்டாம்" என்று சொன்னால், ஒரு நிமிடம் நின்று காரணம் கேளுங்கள். தெரிந்தவரிடம் கேட்பதில் வயது பார்க்க வேண்டியதில்லை. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நேர்மையான அளவையையும், தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.