எச்சரிக்கை வந்தால் போக இடம் வேண்டும்



கொழும்புத் துறைமுக நகரத்தின் வேலை 2014 செப்டெம்பர் 17ஆம் திகதி தொடங்கியது. கடலை நிரப்பி எடுக்கும் நிலத்தில் 'ஸ்மார்ட்' நகரம் எழும்பும் என்றார்கள். அதற்குச் சரியாக ஆறு வாரம் கழித்து, ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. ஆகவே, ஆபத்து தெரியாமல் நடந்த சாவு அல்ல அது. தெரிந்த பிறகும் பாதுகாப்பான இடத்தில் வீடு கிடைக்காததால் நடந்த சாவு.

இன்று அந்த 'ஸ்மார்ட்' தொழில்நுட்பம் மலைக்கும் வந்திருக்கிறது. தானியங்கி மழைமானிகள் மழையை அளக்கின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். இது உயிர் காக்கும் கருவி; இதை நாம் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. பழைய தராசு போய் டிஜிட்டல் தராசு வந்தது. நிறை துல்லியமாகத் தெரிகிறது. தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் எத்தனை கிலோ வெட்டுவது என்பதை இன்னும் ஆள்தான் முடிவு செய்கிறார். தராசு மாறியது, வெட்டும் கை மாறவில்லை.

மழைமானிக்கும் இதே கதை வரலாம். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று லயத்தை விட்டு ஓடினால் பேர் கிடைக்குமா? கிடைக்காது என்றால், பிள்ளைகளின் சாப்பாட்டை நினைத்து பலர் மலைக்குத்தான் போவார்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலிலும் மண்சரிவு மலையகத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்:

ஒன்று, எச்சரிக்கை தமிழிலும் அதே நேரத்தில் வர வேண்டும். புயலில் கரண்டும் சிக்னலும் போய்விடும். ஆகவே மழை அளவைப் பிரட்டுக்களத்துப் பலகையில் எழுதிப் போட வேண்டும், லயம் லயமாக ஆள் விட்டும் சொல்ல வேண்டும்.

இரண்டு, சிவப்பு எச்சரிக்கை நாளுக்கு முழுப் பேர். இது கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று, ஆபத்தான லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான காணியில் உறுதியோடு வீடு.

மழைமானி பூட்டுவதற்குச் செலவு குறைவு. காணி கொடுப்பதற்குச் செலவு அதிகம். அதனால்தான் முதலாவது சீக்கிரம் நடக்கிறது, இரண்டாவது தள்ளிப்போகிறது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மூன்றையும் தீர்மானமாக எடுத்து நிர்வாகத்திடம் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன் கொடுங்கள்.