சதிகாரர்கள் யார்? 'ஜூலியஸ் சீஸர்' நாடகமும் நோட்ஸ் புத்தகப் பண்டிதர்களும்

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவன் இரண்டு விஷயங்களை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகிறான். ஒன்று, புரூட்டஸ் உத்தம புருஷன். சுதந்திரத்துக்காக நண்பனையே பலி கொடுத்த தியாகி. இன்னொன்று, ஜனங்கள் காற்றடித்த பக்கம் சாயும் நாணல். காலையில் ஒருவனுக்கு ஜே போடுவார்கள், மாலையில் அவன் வீட்டுக்குத் தீ வைப்பார்கள். 'கும்பலின் சபல புத்தி' என்று தலைப்புப் போட்டு நோட்ஸ் புத்தகங்கள் பத்து வரியில் விடையும் தயாரித்துத் தருகின்றன. மாணவன் எழுதுகிறான், மார்க் வாங்குகிறான். மார்க்கோடு கூட ஓர் அரசியலையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். "இந்த ஜனங்களுக்கு ஓட்டு ஒரு கேடா?" என்று பிற்பாடு அவன் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது, அந்த விதை எங்கே விழுந்தது என்பது அவனுக்கே தெரிவதில்லை.

நாடகத்தைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நோட்ஸை மூடி வைத்துவிட்டு நாடகத்தைப் படியுங்கள் என்கிறோம். நம் வாலிபத் தோழர்களிலும் சிலர், "இங்கிலாந்து ராணி காலத்து நாடகம் உழைப்பாளிக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். மார்க்ஸ் வீட்டில் ஷேக்ஸ்பியர் அன்றாடம் புழங்கிய புத்தகம். 1865-ல் குடும்பத்தில் நடந்த வினா விடை விளையாட்டில், பிடித்த கவிஞர்களில் ஒருவராக ஷேக்ஸ்பியரையும், பிடித்த வீரர்களில் ஒருவனாக ஸ்பார்ட்டகஸையும் மார்க்ஸ் எழுதிக் கொடுத்தார். ரோமாபுரியை இந்த இரண்டு கண்களாலும் பார்க்க வேண்டும். நோட்ஸ் எழுதும் பண்டிதர்களுக்கு அந்த இரண்டாவது கண் இல்லை. முதல் கண்ணையும் அவர்கள் பாதி மூடிக்கொண்டுதான் படிக்கிறார்கள்.

முதல் காட்சியையே பாருங்கள். வேலை நாளில் தொழில் உடுப்பும் கருவியும் இல்லாமல் தெருவுக்கு ஏன் வந்தீர்கள் என்று இரண்டு அதிகாரிகள் தொழிலாளிகளை மடக்கி மிரட்டுகிறார்கள். இவர்கள் யார்? பாமர ஜனங்களின் உரிமையைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட டிரிப்யூன்கள்! அவர்களே ஜனங்களை மரக்கட்டைக்கும் கல்லுக்கும் ஒப்பிட்டு வைகிறார்கள். எதிரே நிற்பவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. அதிகாரிக்குக் கோபம் ஏற ஏற, அவர் தம்முடைய ஊசியையும் தோலையும் வைத்தே சிலேடை பேசித் திணற அடிக்கிறார். ஊரைக் கூட்டித் தெருத் தெருவாக நடக்க வைத்தால் செருப்புத் தேயும், நமக்கு வேலை கிடைக்கும் என்கிறார்! நாடகத்தின் முதல் சிரிப்பு ஒரு தொழிலாளியின் சிரிப்பு. எந்த நோட்ஸிலாவது இதற்கு இரண்டு வரி உண்டா?

அடுத்தது கிரீடம். ஆண்டனி மூன்று முறை சீஸருக்குக் கிரீடத்தை நீட்டுகிறான். சீஸர் மூன்று முறையும் தள்ளுகிறான். இந்தச் சம்பவம் மேடையில் நடப்பதில்லை. காஸ்கா என்ற பிரபு வந்து சொல்லித்தான் நாம் கேட்கிறோம். ஜனங்களின் வியர்வை நாற்றத்தையும் வாய் நாற்றத்தையும் சொல்லி அவன் முகம் சுளிக்கிறான். ஆனால் அந்த நாற்றப் பேச்சுக்கு நடுவே ஓர் உண்மை அவனையும் அறியாமல் வெளியே வந்துவிடுகிறது. ஜனங்கள் எப்போது ஆரவாரம் செய்தார்கள்? சீஸர் கிரீடத்தை மறுத்தபோது! ஒவ்வொரு முறை மறுத்தபோதும்! முடியாட்சி வேண்டாம் என்று பகிரங்கமாக, பட்டப்பகலில் குரல் கொடுத்தவர்கள் அந்த நாற்றம் பிடித்த ஜனங்கள்தான். அந்த நேரத்தில் குடியரசுக் காவலர்களான புரூட்டஸும் காஷியஸும் எங்கே இருந்தார்கள்? ஒதுக்குப்புறத்தில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஜனங்களிடம் போகவில்லை. போகாதது மட்டுமல்ல, ஜனங்களின் பெயரால் பொய்க் கடிதம் தயாரித்தார்கள். வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு பிரஜைகள் எழுதியது போலக் காஷியஸ் ஓலைகளைத் தயார் செய்து புரூட்டஸ் வீட்டு ஜன்னலில் போடச் சொல்கிறான். அதைப் படித்த உத்தம புருஷன், ரோமாபுரியே தன்னை அழைக்கிறது என்று நம்பிவிடுகிறான்! போலிக் கையெழுத்தில் 'பொதுஜன அபிப்பிராயம்' தயாரிக்கும் கலையை இந்தக் காலத்துப் பணக்காரப் பத்திரிகைகள்தான் கண்டுபிடித்தன என்று நினைத்திருந்தவர்கள் இந்தக் காட்சியைப் படிக்கட்டும்.

அப்புறம் புரூட்டஸ் தோட்டத்தில் தனியே நின்று யோசிக்கிறான். சீஸர் இதுவரை செய்த குற்றம் எதுவும் அவன் கையில் இல்லை. அதை அவனே ஒப்புக்கொள்கிறான். முடி சூட்டிக்கொண்டால் மாறிவிடக் கூடும், ஆகையால் முட்டையிலேயே பாம்பை நசுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறான். 'செய்தான்' என்பதற்காக அல்ல, 'செய்யக் கூடும்' என்பதற்காகத் தண்டனை! இந்தத் தர்க்கம் நமக்குப் புதியதல்ல. 1950-ல் வந்த தடுப்புக் காவல் சட்டத்தின் தர்க்கம் இதுதான். தோழர் ஏ.கே.கோபாலன் அந்தச் சட்டத்தைச் சென்னை ராஜ்யத்துக்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோய் வாதாடினார் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். புரூட்டஸின் தோட்டத்துப் பேச்சை 'மனசாட்சியின் போராட்டம்' என்று வர்ணிக்கும் பண்டிதர்கள், விசாரணையில்லாமல் உள்ளே கிடந்தவனிடம் போய் அந்த வர்ணனையைப் படித்துக் காட்டட்டும்.

இவர்கள் காக்கப் புறப்பட்ட குடியரசுதான் யாருடைய குடியரசு? கி.மு. 133-ல் பொது நிலத்துக்கு உச்சவரம்பு கட்டி, மிஞ்சியதை ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்த டைபீரியஸ் கிராக்கஸை செனட் பிரபுக்கள் தடியாலேயே அடித்துக் கொன்றார்கள். அவனோடு சுமார் 300 பேர் மாண்டார்கள். பிணங்களை டைபர் நதியில் எறிந்தார்கள். கி.மு. 121-ல் அவன் தம்பிக்கும் முடிவு கட்டினார்கள். கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸின் எழுச்சியை நசுக்கி, 6,000 அடிமைகளைக் காப்புவாவிலிருந்து ரோமாபுரி வரையில் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். இதுதான் அவர்களுடைய 'சுதந்திரம்'.

சரித்திரத்துப் புரூட்டஸ் எப்படிப்பட்டவன்? அவன் பெரிய லேவாதேவிக்காரன். சைப்ரஸ் தீவில் சலாமிஸ் என்ற ஊருக்கு ஆள் பெயரில் கடன் கொடுத்து 48 சத வட்டி கேட்டான். ஆம், நூற்றுக்கு நாற்பத்தெட்டு! வசூலுக்குப் போன அவன் ஆள், குதிரைப் படையைக் கொண்டு அந்த ஊர்ச் சபையினரைச் சபை மண்டபத்திலேயே வைத்து அடைத்தான். ஐந்து பேர் பட்டினியால் செத்தார்கள். இதை எழுதி வைத்தது கம்யூனிஸ்டு அல்ல. அந்த மாகாணத்துக்கு கவர்னராகப் போன சிசரோ தன் நண்பனுக்கு எழுதிய கடிதங்களில் இருக்கிறது. சிசரோவின் கட்டளையோ 12 சத வட்டிக்குத்தான் இடம் கொடுத்தது. ஆனாலும் கடன்காரன் புரூட்டஸ் என்று தெரிந்த பிறகு அவர் வழக்கை முடிக்காமலே விட்டுவிட்டுப் போனார். பிரபுவுக்குப் பிரபு!

ஷேக்ஸ்பியர் இந்தக் கடிதங்களைப் பார்த்தாரா என்பது முக்கியமல்ல. அவருக்கு ஆதாரம் புளூட்டார்க். 1579-ல் வந்த நார்த்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. ஆனால் நான்காம் அங்கத்தில் கூடாரத்துச் சண்டையைப் பாருங்கள். லஞ்சம் வாங்குகிறாய் என்று காஷியஸைப் புரூட்டஸ் திட்டுகிறான். குடியானவன் உழைத்துக் காய்த்த கையிலிருந்து காசைப் பிடுங்கும் ஈனச் செயல் தனக்கு வராது என்கிறான். கேட்க எவ்வளவு உயர்வாக இருக்கிறது! அதே மூச்சில் அவனுடைய புகார் என்ன? "படைக்குச் சம்பளம் கொடுக்க உன்னிடம் தங்கம் கேட்டு அனுப்பினேன், நீ தரவில்லை" என்பதுதான். காஷியஸ் வைத்திருக்கும் தங்கம் எங்கிருந்து வந்தது? அதே காய்த்த கைகளிலிருந்துதான். பிடுங்கும் பாவம் காஷியஸுக்கு. செலவழிக்கும் புண்ணியம் புரூட்டஸுக்கு. கனவான் முதலாளியையும் அவருடைய கணக்குப்பிள்ளையையும் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் புரியும்.

சரி, சபல புத்தி என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். கொலைக்குப் பிறகு புரூட்டஸ் ஜனங்கள் முன் வந்து பேசுகிறான். கடன் தள்ளுபடி உண்டா? நிலம் உண்டா? ரொட்டி உண்டா? ஒன்றும் இல்லை. என் கௌரவத்தை நம்புங்கள் என்கிறான். கேட்ட ஜனங்கள் அவனையே சீஸராக்குவோம் என்று கத்துகிறார்கள். இதைக் காட்டித்தான் பண்டிதர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையில் அந்தக் கேலி யாருக்குச் சேர வேண்டும்? சீஸர் பதவி என்பதே இருக்கக் கூடாது என்று ஜனங்களிடம் இவர்கள் ஒரு நாளாவது பேசியதுண்டா? பின்னால் ஆண்டனி வருகிறான். சீஸரின் உயிலைக் காட்டுகிறான். தலைக்கு 75 டிராக்மா பணம், நதிக்கரைத் தோட்டங்கள் பொதுவில். வெறுங்கௌரவத்தை விட்டுவிட்டுக் கையில் வருவதன் பக்கம் ஏழைகள் திரும்பினால் அது பைத்தியக்காரத்தனமா?

அந்த ஆண்டனியும் நம்மவன் அல்ல. இதை நோட்ஸ்கள் அனேகமாகத் தாண்டிப் போகின்றன. நான்காம் அங்கம் முதல் காட்சியில் ஆண்டனி, ஆக்டேவியஸ், லெபிடஸ் மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, யார் யாரைக் கொல்வது என்று பெயருக்குப் புள்ளி வைக்கிறார்கள். லெபிடஸ் தன் சகோதரனை விட்டுக்கொடுக்கிறான். ஆண்டனி தன் சகோதரி மகனை விட்டுக்கொடுக்கிறான். அது முடிந்த கையோடு ஆண்டனி என்ன சொல்கிறான்? சீஸர் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்து வா, அதில் உள்ள செலவில் கொஞ்சத்தை எப்படி வெட்டலாம் என்று பார்ப்போம் என்கிறான்! எந்த உயில்? ஜனங்களுக்குப் படித்துக் காட்டி, கண்ணீர் விட வைத்து, தெருவில் இறக்கிவிட்டானே, அதே உயில். தேர்தல் வாக்குறுதிக்கும் பட்ஜெட்டுக்கும் உள்ள தூரம் அன்றும் அவ்வளவுதான். பரீட்சையில் ஆண்டனியின் பிரசங்கத்துக்குப் பதினைந்து மார்க் வைக்கிறவர்கள், இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு மார்க் வைப்பார்களா?

சின்னா என்ற கவிஞனை, சதிகாரன் பெயர் அவனுக்கும் இருந்த ஒரே காரணத்துக்காகக் கூட்டம் அடித்துக் கொல்லும் காட்சியும் இருக்கிறது. அதை நாம் மறைக்கப் போவதில்லை, பயங்கரமான காட்சிதான். ஆனால் கூட்டத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் ஆண்டனி. இனி நாசம் தன் இஷ்டப்படி எந்த வழியில் போனாலும் போகட்டும் என்று தனியே சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்த்தவனும் அவனே. 1937-ல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் இந்த நாடகத்தை முசோலினி காலத்து உடுப்புகளோடு போட்டபோது, சின்னாவின் கொலையைப் பாசிஸ்டுக் குண்டர் வேலையாகவே மேடையில் காட்டினார். ஆள் பெயரைக் கேட்டு அடிக்கும் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பிரபு நிற்பான் என்பதை அவர் சரியாகவே பிடித்தார்.

ஷேக்ஸ்பியரை நம் கட்சிக்காரராக்க நாம் முயலவில்லை. அவர் குளோப் நாடகக் கொட்டகையில் பங்குதாரர். பஞ்ச காலத்தில் ஊரில் தானியம் வைத்திருந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, 1598 பிப்ரவரியில் அவர் பெயரிலும் 10 குவார்ட்டர் மால்ட் தானியம் இருந்ததாகப் பட்டியல் இருக்கிறது. ஜனக்கூட்டத்தைக் கண்டு அவருக்கு அச்சமும் உண்டு. ஆனாலும் பிரபுக்களை அருகிலிருந்து பார்த்தவர். பார்த்ததை மறைக்காமல் எழுதினார். பால்ஸாக்கைப் பற்றி எங்கெல்ஸ் 1888-ல் சொன்னது இவருக்கும் பொருந்தும். ராணியின் உளவாளிகள் நிறைந்த லண்டனில், 1599-ல், அரசனைக் கொல்வதைப் பற்றி நாடகம் போடுவது சின்ன விஷயமல்ல.

இப்போது தலைப்புக்கு வருவோம். 'சதிகாரர்கள்' என்ற பட்டத்தை யாருக்குச் சூட்டினார்கள்? 1924-ல் கான்பூர்ச் சதி வழக்கு. அதில் நமது சிங்காரவேலர் பெயரும் இருந்தது. 1929-ல் மீரத் சதி வழக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் நெல்லைச் சதி வழக்கு. ஆலை வாசலிலும் தெருமுனையிலும் நின்று, கொள்கையை உரக்கச் சொன்னவர்கள் சதிகாரர்கள்! முகத்தை அங்கியால் மூடிக்கொண்டு, நடுராத்திரியில் தோட்டத்தில் கூடி, தங்களுக்குப் பிரேட்டர் பதவி கொடுத்தவனையே 23 இடத்தில் குத்தியவர்கள் குடியரசு வீரர்கள்!

தனி மனிதனைக் கொல்லும் பாதையை நம் இயக்கம் வாதாடி நிராகரித்தது. 1881-ல் ருஷ்யாவில் நரோத்னயா வோல்யா வீரர்கள் ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைக் குண்டு வீசிக் கொன்றார்கள். உயிரைத் திரணமாக மதித்தவர்கள் அவர்கள்; புரூட்டஸைப் போல வட்டிக்காரர்கள் அல்ல. ஆனாலும் மறுநாளே சிம்மாசனத்தில் மூன்றாம் அலெக்சாண்டர் உட்கார்ந்தான். லெனினுடைய அண்ணன் அதே பாதையில் போய் 1887-ல் தூக்கு மேடை ஏறினார். ரோமாபுரியிலும் சீஸர் செத்தான், கி.மு. 27-ல் அவனுடைய வளர்ப்பு மகன் அகஸ்டஸ் ஆனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சக்கரவர்த்தியும் சீஸர் பட்டத்தைச் சூடினான். ஜார் என்ற சொல்லே சீஸரிலிருந்து பிறந்ததுதான்.

தென்னாப்பிரிக்காவில் ராபன் தீவுச் சிறையில், இந்திய வம்சாவளிக் கைதி ஒருவரிடம் ஷேக்ஸ்பியர் தொகுப்பு ஒன்று இருந்தது. காவலர்கள் பறிக்காதபடி தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, மத நூல் என்று சொல்லி வைத்திருந்தார். கைதிகள் அதை மாற்றி மாற்றிப் படித்து, பிடித்த இடத்தில் கையெழுத்திட்டார்கள். 1977 டிசம்பர் 16-ந் தேதி நெல்சன் மண்டேலா கையெழுத்திட்டது இந்த நாடகத்தில்தான். மரணத்துக்கு அஞ்சுவதைப் பற்றிச் சீஸர் பேசும் இடத்தில். அவர்களுக்கு நோட்ஸ் தேவைப்படவில்லை.

நம்முடைய படிப்பு வட்டங்களில் இந்த நாடகத்தை எடுக்க விரும்பும் தோழர்கள் ஆண்டனியின் பிரசங்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் காட்சியைப் படியுங்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் பேச்சை ஒரு தொழிலாளியே வாசிக்கட்டும். உடனே நான்காம் அங்கத்தின் முதல் காட்சிக்குப் போங்கள். ஐம்பது வரிதான், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உயிலை எடுத்து வரச் சொல்லும் இடம் வந்ததும் நிறுத்தி, அதற்கு முன் அந்த உயிலைப் பற்றி ஆண்டனி சொன்னது என்ன என்று கேளுங்கள். பிரசங்கத்தை அப்போது படிக்கலாம்.