கடைசிச் சில்லின் கணக்கு

சான்பாடா, வாஷிக்கு அடுத்த ரயில் நிலையம். அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில், ஞாயிறு மதியம் பத்து நண்பர்கள் போக்கர் ஆட உட்காருவதாக வைத்துக்கொள்வோம். பணம் கிடையாது, புள்ளிகள்தான். ஆளுக்கு 1,000 சில்லு. முதல் மூன்று பேருக்கு மட்டும் 50, 30, 20 புள்ளிகள் பரிசு. மாலைக்குள் ஆறு பேர் சில்லுகளைத் தோற்று டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். மீதி நான்கு பேர். இவர்களில் அடுத்து வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடையாது. இந்தக் கட்டத்துக்குப் போக்கரில் 'பபிள்' என்று பெயர். நீர்க்குமிழிதான், உடையும்வரை யாருக்கும் நிம்மதி இல்லை.

நான்கு பேரிடமும் தலா 2,500 சில்லு இருந்தால் ஒவ்வொருவர் நிலையின் மதிப்பும் 25 புள்ளி. ஒருவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளுகிறார். நீங்கள் ஒப்புக்கொண்டு ஜெயித்தால் உங்களிடம் 5,000 சில்லு. சில்லு இரட்டிப்பானதால் மதிப்பும் 50 ஆகிவிடுமா? ஆகாது. 38 புள்ளிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தோற்றாலோ கையிலிருந்த 25ம் போயிற்று. ஆக, 25ஐப் பணயம் வைத்துக் கிடைப்பது 13. மூன்றில் இரண்டு பங்கு வெற்றி வாய்ப்பு இல்லாமல் இந்தச் சவாலை ஏற்பது நஷ்டம். கையில் ஏஸும் ராஜாவும் இருக்கிறது, எதிராளியிடம் சிறிய ஜோடி என்றால் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சீட்டைக் கீழே வைப்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் கணக்கின் வேர் குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குதிரையும் முதலில் வரும் வாய்ப்பு தெரிந்தால், இரண்டாவது, மூன்றாவதாக வரும் வாய்ப்பையும் கணிக்க டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியல் நிபுணர் 1973இல் ஒரு சூத்திரம் தந்தார். அதே வழியில் போக்கர் சில்லுகளுக்கு விலை போட்டவர் அமெரிக்க எழுத்தாளர் மேசன் மால்முத், 1987இல்.

அப்படியானால் சில்லு குறைந்தவர் பதுங்கியே இருக்கலாமா? அதுவும் ஆபத்து. கட்டாயப் பந்தயம் 100, 200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 300 போகும். நான்கு பேர் மேஜையில் நான்கு ஆட்டத்துக்கு ஒரு சுற்று. 1,000 சில்லுடன் சும்மா இருப்பவர் மூன்று சுற்றில் ஏறத்தாழ காலி. அதற்கு முன்பே அவர் மிரட்டல் பலிக்காமல் போய்விடும். 400 சில்லைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

எனவே அவருக்கு இருப்பது இரண்டே வழி: எல்லாவற்றையும் தள்ளு, இல்லை சீட்டை மடக்கு. நடுவழி கிடையாது. அதிலும் பிறர் தள்ளியதை ஏற்பதைவிட, தானே முதலில் தள்ளுவது மேல். முதலில் தள்ளினால் மற்றவர்கள் ஒதுங்கினாலும் லாபம், சீட்டு நன்றாக விழுந்தாலும் லாபம். ஏற்பவருக்கு நல்ல சீட்டு விழுவதைத் தவிர வேறு வழியில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: தன்னைவிட மெலிந்த ஒருவர் மேஜையில் இருந்து, அடுத்த கட்டாயப் பந்தயம் அவர் தலையில் விழுவதாக இருந்தால், பொறுமையே சிறந்த ஆட்டம்.

கடைசிச் சில்லை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு லாஸ் வேகாஸில் ஒரு கதை உண்டு. 1982 உலகப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸிடம் ஒரு கட்டத்தில் மிஞ்சியது ஒரே ஒரு சில்லு என்பார்கள். அவர்தான் கடைசியில் 5,20,000 டாலருடன் பட்டத்தை வென்றார்.

ஆனால் அந்தக் கதையைத் தப்பாகப் படித்தவர்கள் அதிகம். ஸ்ட்ராஸ் மீண்டது மேஜையில் மிஞ்சிய சில்லைக் கொண்டு. கடன் வாங்கி அல்ல. போட்டி ஆட்டத்தில் தோல்விக்கு ஓர் எல்லை உண்டு. சில்லு தீர்ந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். பணம் வைத்து ஆடிய ஆன்லைன் சீட்டாட்டத்தில் அந்த எல்லை இருக்கவில்லை. தீரத் தீரப் பணம் கட்டி உட்கார முடிந்தது. கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் கதை தமிழகத்தை உலுக்கியது. 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது, சட்டமும் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சான்பாடா மேஜையில் நான்காவதாக எழுந்தவருக்குப் புள்ளி இல்லை. டீ உண்டு. அடுத்த ஞாயிறு மறுபடி 1,000 சில்லும் உண்டு.