முட்டுக்கட்டையும் வேண்டும்

ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூர்த் தேர் அசைந்து வருங்கால் காண்போர் கண்ணெல்லாம் அதன் உச்சியையே நாடும். சக்கரத்தருகே மரக்கட்டையுடன் குனிந்து நடப்பவரை நோக்குவார் மிகச் சிலரே. உரிய நொடியில் அவர் கட்டை இடாவிடின் வடம் பிடிப்போர் உயிருக்குக் காவலில்லை. ஆயினும், முட்டுக்கட்டை என்னும் சொல்லை நாம் இடையூறு என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்கி வருகிறோம். ஓட்டுவதைப் போற்றி, நிறுத்துவதை மறக்கும் நம் மனப்பாங்குக்கு இச்சொல்லே சான்று.

இம்மனப்பாங்கு தேரோடு நின்றுவிடவில்லை. திருவில்லிபுத்தூரிலும், அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராசபாளையத்திலும் பள்ளிப் பிள்ளைகளையும் ஆலைத் தொழிலாளரையும் சுமந்து ஓடுபவை ஆட்டோக்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு டிரம் பிரேக்கே உண்டு. மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயில் வழியே அழுத்தம் பரவி, டிரம்முக்குள் பிறை வடிவில் அமைந்த இரு ஷூக்களை விரிக்கிறது. ஷூவின் மேலுள்ள லைனிங் டிரம்மை உராய்ந்து வண்டியை நிறுத்துகிறது. உராய்வதே அதன் தொழிலாதலின் தேய்வதும் அதன் இயல்பு. தேய்ந்ததை மாற்றாது ஓட்டுவதே குற்றம்.

வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டுமென 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. ஆனால், சான்று அளிக்கப்படுவது ஒரு நாளில். லைனிங் தேய்வதோ ஒவ்வொரு நாளும். பட்டறையில் வண்டியை விட்டால் அன்றைய வருவாய் போம் என்று அஞ்சி, ஓட்டுநர் சிலர் வீட்டு வாயிலிலேயே ஷூ மாற்றிக்கொள்கின்றனர். உயிர் காக்கும் உறுப்பில் வீட்டு வேலை கூடாது என்பார் உளர். டிரம் விரிசல் கண்டாலும் சிலிண்டர் கசிந்தாலும் பட்டறைக்கே செல்லல் வேண்டும் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால், ஷூ மாற்றுதலைத் தடுப்பதினும் கற்பித்தலே பயன் தரும் என்பது நம் துணிபு.

கற்பிக்க வேண்டுவன பலவல்ல. வண்டியைத் தூக்குமுன் ஏனைய சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்தல் வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுதல் பெரும்பிழை. லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். கல்நார் புற்றுநோய் விளைப்பது என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்துள்ளது. தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தலே முறை. குழந்தைகள் அருகில் இருத்தலாகாது. கிரீஸ் படிந்த கை லைனிங்கைத் தொடலாகாது. பின்சக்கரங்களுள் ஒன்றற்கு மட்டும் புது ஷூ இட்டால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு புறம் இழுக்கும். மூன்று சக்கர வண்டி கவிழவும் கூடும். பிரேக் ஆயிலுக்கு மாற்றாக எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். குழாயில் காற்றுப் புகுந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும். அதனை வெளியேற்றாது வண்டியை எடுத்தல் தகாது. எல்லாம் முடிந்த பின்னரும், ஆளில்லாத் தெருவில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே பயணியை ஏற்றுதல் வேண்டும்.

இவ்வறிவு பட்டறைகளில் வாய்மொழியாக உலவுகிறது. எளிய தமிழில் படங்களுடன் ஓட்டுநர் கைக்கு எட்டுவது அரிது. ஈண்டுத் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என வினவலாம். இதுவே வேலை என்போம். நம் மாணவர் இவ்விரு நகரங்களின் பட்டறைகளுக்குச் சென்று, கைதேர்ந்த மெக்கானிக்குகளின் அருகிலமர்ந்து கேட்டெழுதி, சிறு கையேடு ஒன்று ஆக்கட்டும். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தட்டும். ஊர்ப் பெரியவர்கள் அச்சுச் செலவை ஏற்கட்டும். ஷூ, லைனிங், டிரம் ஆகியவற்றுக்குப் புதுச்சொல் படைக்கும் ஆர்வத்தை அக்கையேட்டளவிலேனும் ஒதுக்கி வைப்போம். படிப்பவர் ஒரு கணமும் தயங்காது புரிந்துகொள்ளும் சொல்லே அங்கு நற்றமிழ்.

நம் பிள்ளைகளை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு நம் எழுத்து உதவுமாயின், தமிழ் கற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.