சொல்லும் பொருளும்: 'மோரா'

சிறு பட்டறை நடத்திவரும் நம் அங்கத்தினர் ஒருவர், ஸ்பெயின் தேசத்து வியாபாரி ஒருவருக்குச் சரக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். பணம் வந்தபாடில்லை. ஒப்பந்தத்தில் 'மோரா' என்றொரு சொல் காணப்படுகிறதே, அதன் பொருள் யாது என வினவுகிறார்.

லத்தீன் மொழியில் மோரா என்றால் தாமதம். குறித்த நாளில் கொடுக்க வேண்டியதைக் கொடாதிருக்கும் நிலையை ஸ்பானியர் அச்சொல்லாலேயே வழங்குவர். அவ்வாறு இழுத்தடிப்பவர் 'மோரோசோ'; அவ்வழக்கம் 'மோரோசிதாத்'. அகராதியில் மோராவுக்கு முசுக்கட்டைப் பழம் என்றும் பொருள் இருக்கும். அது வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. அன்பர் பழத்தை எதிர்பார்க்க வேண்டாம்!

ஆங்கிலத்தில் 'மோரோஸ்' என்பது சிடுமூஞ்சியைக் குறிக்கும். கடன் கொடுத்தவரின் முகம் அப்படி ஆவது இயற்கையே. எனினும் அச்சொல் குணம், வழக்கம் எனப் பொருள்படும் 'மோஸ்' என்பதிலிருந்து பிறந்தது. உண்மையான உறவினன் 'மொரட்டோரியம்'. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை ஒத்திவைக்க இடங்கொடுத்தபோது நம் இல்லங்களிலும் புழங்கிய சொல் அது. அது அனுமதி பெற்ற தாமதம். மோராவோ பெறாத தாமதம்.

1889-ஆம் ஆண்டின் ஸ்பானிய சிவில் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. கெடு கடந்துவிட்டதனால் மட்டும் கடனாளி பொதுவாக மோராவில் வீழ்வதில்லை. கொடுத்தவர் நீதிமன்றத்தின் மூலமோ வெளியிலோ கேட்டாக வேண்டும். கேட்ட நாள் முதலே தாமதம் கணக்கில் ஏறும். கூச்சப்பட்டு வாளாவிருந்தவருக்கு நஷ்டமே. வியாபாரிகளிடையே இந்நிலையை 2004-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம் மாற்றியது. இப்போது கெடு 30 நாள்; இருவரும் இசைந்தால் 60 நாள் வரை நீட்டலாம். அதன்பின் கேளாமலே வட்டி ஏறும். ஒப்பந்தத்தில் வேறு வட்டி குறிக்கப்படாவிடில், ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டிக்கு மேல் 8 சதவிகிதம். வசூல் செலவுக்கென 40 யூரோ தனி.

சட்டத்தை நம்பாதவர்களும் அங்கு உண்டு. வால்கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஆள் ஒருவனை அமர்த்தி, கடனாளியின் பின்னாலேயே வீதியில் நடக்கவிட்டு வெட்கப்படுத்துவார்களாம்! அன்பருக்கு அவ்வளவு தூரம் வேண்டியிராது. தம் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதென்று முதலில் பார்க்கட்டும். எதுவாயினும், பட்டியல் எண்ணும் தேதியும் குறித்து எழுத்து மூலமாக இன்றே கேட்டுவிடுவது நலம்; அனுப்பியதற்குச் சான்றையும் பத்திரப்படுத்துக.