கடனுக்கு ஒரு வரம்பு

2006-க்குப் பின் அமெரிக்க நாடெங்கும் வீட்டு விலை சரிந்ததை நாம் அறிவோம். லாஸ் வேகாஸ் நகரில் விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று. டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரிலோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே குறைந்தது. காரணம் யாது? அங்கு நிலம் தாராளம். ஆதலின் விலை முன்னரே அளவின்றி ஏறவில்லை. மற்றொரு காரணம் சட்டம். குடியிருக்கும் வீட்டின்மேல் கைச்செலவுக்குக் கடன் வாங்குவதை அம்மாநில அரசியலமைப்பு நெடுங்காலம் தடுத்திருந்தது. 1997-இல் மக்கள் வாக்களித்து அதனை அனுமதித்தபோதும், அவ்வாறு வாங்குவோரின் மொத்த வீட்டுக்கடன் வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரம்பிட்டனர். விலை சற்று இறங்கினும் வீட்டை விற்றுக் கடனைத் தீர்க்க அவர்களுக்கு இடமிருந்தது. திருமணத்திற்கென்றோ படிப்பிற்கென்றோ வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்குமுன் நாமும் நம்மையே கேட்போம்: நாளை விலை இறங்கினால், வீட்டை விற்றாலேனும் இக்கடன் தீருமா?